பத்துக்கு ஒன்று

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கைக்குள் காலை வைத்ததுமே ஜாபிர் மூன்று தரம் தும்மினான். நாலாவதை மூக்கைப் பொத்தி அடக்கிக்கொண்டு, "மிஸ், இது மிளகாய் மில்லா, இல்லாட்டி கண்ணீர்ப்புகை அடிச்சீக்கா?" என்று கேட்டான்.

யோசெப்பின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. ஐந்து மணி வரைதான் தவணை.

காலையில் அலுவலகத்தைத் திறக்க வந்தபோது படியில் ஒரு பெண் குந்தியிருந்தாள். கொட்டாஞ்சேனை மாக்ரெட். அவளுடைய கணவன் பற்றிக் பதினெட்டு வருடமாக ஸ்ரீஸ்கந்தராசா முதலாளியின் மிளகாய்த்தூள் ஆலையில் பிக்கப் ஓட்டுகிறவன். டீசல் திருடினான் என்று முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாலை ஐந்து மணிக்குள் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் வேலை போவதோடு முடியும், வைக்காவிட்டால் பொலிஸ்.

"சைன் வைக்கமாட்டன் எண்டு நிக்கிறார் மிஸ். சரி, நடந்ததைச் சொல்லுங்கோ எண்டா அதுவும் இல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்" என்று மாக்ரெட் அழுதாள்.

யோசெப்பின் துப்பறியத் தொடங்கி இரண்டு வருடம். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் மோதிய வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதியவள். ஒருமுறை அவள் ஓர் எண்ணைப் பிழையாகப் பார்த்ததால் நேர்மையான ஒரு மனிதனுக்கு நட்டஈடு கிடைக்காமல் போனது. அன்றிலிருந்து எதையும் மூன்று தரம் சரிபார்ப்பாள். மூன்றாம் தரம் சரியாக வந்தாலும் நாலாம் தரம் பார்க்கவேண்டும் போலிருக்கும். கைப்பையில் எப்போதும் ஒரு கொப்பி. அதில் மூன்று நிரல்கள்: கண்டது, சொன்னது, சந்தேகம். மூன்றாவது நிரல்தான் எப்போதும் முதலில் நிரம்பும்.

ஜாபிர் அவளுடைய உதவியாளன். த்ரீவீல் ஓட்டியவன். பெற்றோல் கிடைக்காமல் த்ரீவீல் வீட்டு வாசலில் கோழிக்கூடு ஆனபிறகு அவளோடு நடக்கிறான்.

ஆலைக்குள் ஸ்ரீஸ்கந்தராசா மேசையில் ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நெற்றியில் விபூதி, தோளில் மிளகாய்த்தூள்.

"பிள்ளை, நான் ஆரையும் சும்மா கள்ளன் எண்டு சொல்லுற ஆளில்லை. புத்தகம் சொல்லுது. பாருங்கோ."

அது வண்டியின் ஓட்டப் புத்தகம். காலையில் மீட்டரில் நின்ற எண், மாலையில் நின்ற எண், போன இடம். பத்து வருடம் ஒருநாளும் தவறாமல் எழுதியிருந்தார். கடைசி மூன்று கிழமையில் பதினெட்டு வரிகளின் ஓரத்தில் சிவப்பு மையால் ஏதோ இருந்தது. யோசெப்பின் குனிந்து வாசித்தாள். '2 — பற்றிக்.' '2 — பற்றிக்.' '3 — பற்றிக்.'

"கொட்டாஞ்சேனை ஸ்டோருக்குப் போய் வர இருபது கிலோமீட்டர். பத்து வருசமா இருபதுதான். இப்ப இருவத்திரண்டு ஓடுது. ரோட்டென்ன ரப்பரே, இழுபட? என்ர டீசலில அவர் வேற எங்கயோ போய் வாறார்."

"எப்ப தொடங்கினது?"

"வாகனத்தை நாங்கள் மாத்தினாப் பிறகு." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. "வாங்கோ, காட்டுறன்."

முற்றத்தில் பிக்கப் நின்றது. பின்பெட்டியின் மேல் கறுப்புப் படங்கு முரசுத் தோல் போல இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. முன் பம்பரின் கீழே நிலத்தைத் தொடுமாப்போல ஒரு ரப்பர்த் தட்டி. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் இல்லை. வண்டி முழுவதும் கொஞ்சம் பதிந்து, பதுங்கிய பூனை மாதிரி இருந்தது.

"எல்லாம் காத்துக்கு" என்றார் முதலாளி. "காத்து வண்டியைப் பிடிச்சு இழுக்குமாம். அதைக் குறைச்சா டீசல் மிச்சம். என்ர மனுசியின்ர தம்பி சவுந்தரநாயகம் செய்து தந்தது. ஒருகொடவத்தையில கராஜ் வச்சிருக்கிறான். லீட்டருக்குப் பத்து ஓடின வாகனம் பிள்ளை, இப்ப பதினொண்டு. புத்தகத்தில கிடக்கு. மற்ற ரெண்டு பிக்கப்பையும் திங்கக்கிழமை அவனிட்டத்தான் விடப்போறன்."

"சைட் கண்ணாடியையும் கழட்டீக்கி மிஸ்" என்றான் ஜாபிர். "பின்னால வாறவனப் பார்க்காட்டி டீசல் மிச்சம்."

"ஸ்பெயார் சில்லையும் இறக்கியாச்சு" என்றார் முதலாளி, பகிடியைக் கவனிக்காமல். "முப்பது கிலோவைச் சும்மா ஏன் சுமப்பான்?"

இறக்கிய சில்லு சுவருக்கும் மல்லி மூட்டைகளுக்கும் நடுவில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஜாபிர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து கால்களை ஆட்டினான். "கதிரை நல்லம் முதலாளி. கொஞ்சம் உசரம், கால் நிலத்தில படுதில்ல." யோசெப்பின் அவனை முறைத்தாள். டயரின் உட்பக்கத்தில் யாரோ சூடாக்கிய ஆணியால் கீறிய சிறு சிலுவை தெரிந்தது. கராஜ்காரரின் அடையாளமாக இருக்கும் என்று நினைத்து, கண்டது நிரலில் எழுதிக்கொண்டாள்.

மறுபடி மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "ஒரு கேள்வி, ஐயா. கோட்டாவில கிழமைக்குத் தாற டீசல் முந்தி எத்தனை நாளில முடியும்?"

"ஆறு நாள்."

"வாகனத்தை மாத்தின பிறகு?"

"அதுவும் ஆறு நாள்தான்." அவர் மேசையில் தட்டினார். "அதுதானே களவு. நான் மிச்சம் பிடிச்சதை அவர் குடிக்கிறார். சவுந்தர்தான் முதல் கண்டுபிடிச்சவன். 'அத்தான், மீட்டரைப் பாத்தீங்களே, ஓட்டம் கூடியிருக்கு' எண்டு."

யோசெப்பின் புத்தகத்தின் பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஏதோ ஒன்று அவள் கண்ணில் பட்டு மனதில் ஏறாமல் வெளியே நின்றது. அது என்ன என்று தெரியாததுதான் தொந்தரவாக இருந்தது.

காலி வீதியில் வந்த மூன்றாவது பஸ்ஸில்தான் தொங்க இடம் கிடைத்தது. கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். யோசெப்பின் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையில் கைபேசியை வைத்து எண்களைப் பார்த்தாள். பம்பலப்பிட்டி தாண்டியதும் திரும்பினாள்.

"ஜாபிர், பகல் சாப்பிட்டனீரா?"

"இல்ல மிஸ். ஏன், வாங்கித் தரப்போறீங்களா?"

"மூளை வேலை செய்யுதா எண்டு பாக்கக் கேட்டனான். இதைக் கேளும். கொட்டாஞ்சேனைக்கு இருபது ஓடவேண்டியது இருவத்திரண்டு. ஹெந்தளைக்கு ரெண்டு தரம் போயிருக்கிறார். முப்பது ஓடவேண்டியது முப்பத்திமூண்டு. ஹெவ்லொக் டவுனுக்கு ஒருக்கா. அஞ்சுக்குப் பதிலா அஞ்சரை."

"அரை கிலோமீட்டரையும் விட்டு வைக்கல்லயா?"

"அதுதான். கிட்டப் போனாக் கொஞ்சம் களவு, தூரப் போனாக் கூடக் களவு. ஒவ்வொரு நாளும் பத்துக்கு ஒண்டு."

ஜாபிர் கம்பியில் தொங்கியபடி தலையாட்டினான். "வேதக்காரர் தானே மிஸ். தசமபாகம் எடுத்தீப்பார்."

யோசெப்பினுக்குச் சிரிப்பு வந்தது; உடனே அடங்கியது. அவளும் வேதக்காரிதான். வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கோயிலுக்குத் தசமபாகமாகக் கொடுக்கிறவர்களையே தேடித்தான் பிடிக்கவேண்டும். இப்படி அளந்து எடுக்கிற கள்ளனை அவள் கண்டதில்லை. கைபேசியை மறுபடி உயர்த்தினாள். பதினேழாம் தேதி. கொட்டாஞ்சேனை. இருபத்தாறு. ஓரத்தில் '6 — பற்றிக்.'

"இது பொருந்துதில்லை" என்றாள்.

"அண்டைக்குப் பெருநாள் காணிக்கை" என்றான் ஜாபிர். அவள் இம்முறை சிரிக்கவில்லை. பதினேழு வரிகள் ஒரு கதை சொல்கின்றன. ஒரு வரி வேறு கதை சொல்கிறது. அந்த ஒன்றை மறந்துவிட்டால் எல்லாம் அழகாக இருக்கும். அழகாக இருக்கும் கணக்குகளை அவள் நம்புவதில்லை.

கொட்டாஞ்சேனையில் லூசியாள் கோயிலுக்குப் பின்னால் இருந்தது பற்றிக்கின் வீடு. மாக்ரெட் சொன்னது சரி. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயது, கட்டையான உருவம். சேட்டுப் பையில் சாரதி அனுமதிப்பத்திரம் துருத்திக்கொண்டிருந்தது.

எங்கே போனாய், ஏன் போனாய் என்று அவனை எல்லோரும் கேட்டிருப்பார்கள். யோசெப்பின் வேறு இடத்தில் தொடங்கினாள்.

"வாகனத்தை மாத்தின பிறகு ஓடேக்க என்ன வித்தியாசம்?"

பற்றிக் திரும்பினான். அப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை என்று முகம் சொன்னது.

"எஞ்சின் கத்துது மிஸ். முந்தி நாப்பதில போகேக்க முனகும். இப்ப அதே நாப்பதில கத்துது. மீட்டர் நாப்பது எண்டுது, சைக்கிள்காரன் என்னை வெட்டிக்கொண்டு போறான்."

"வேற?"

"ஏறுறது. நான் கட்டை ஆள். முந்திக் கம்பியைப் பிடிச்சு எம்பி ஏறவேணும். இப்ப கதிரையில இருக்கிற மாதிரி இருக்கலாம். கேட்டதுக்குச் சவுந்தரையா ஸ்பிரிங்கைப் பதிச்சதெண்டு சொன்னார்."

"பதினேழாம் தேதி எங்க போனனீங்கள்?"

பற்றிக்கின் கண்கள் மறுபடி சுவருக்குப் போயின.

"சொல்லுங்கோவன்" என்றாள் மாக்ரெட். "வாயில என்ன கொழுக்கட்டையே?"

"அதைக் கேக்காதேங்கோ" என்றான் அவன். பிறகு எழுந்து செருப்பை மாட்டினான். "அஞ்சு மணிக்கு நானும் வாறன். ஓடி ஒளிச்சான் எண்டு சொல்லக்கூடாது."

திரும்பும் பஸ்ஸில் யோசெப்பினுக்கு இருக்கை கிடைத்தது, இருக்க முடியவில்லை. எம்பி ஏறினவன் இப்போது இருந்து ஏறுகிறான். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. எம்பி. இருந்து. அவள் சட்டென்று ஜாபிரின் தோளைப் பிடித்தாள்.

"நீர் ஆலையில எதில இருந்தனீர்?"

"ஸ்பெயார் சில்லில மிஸ். நீங்கதான் முறைச்சீங்க."

"எவ்வளவு உயரம்?"

ஜாபிர் தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். "கால் நிலத்தில படல்லயே."

"பிக்கப்பின்ர சில்லு?"

ஜாபிர் கையைக் கீழே இறக்கினான். இறக்கின கை நின்ற இடத்தைப் பார்த்தான். பிறகு மற்றக் கையை மேலே பழைய இடத்தில் வைத்து, இடைவெளியை அளந்தான்.

நாலு நாற்பதுக்கு ஒழுங்கைக்குள் நுழைந்தார்கள். ஆலை வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது. "வானுக்கு வயசு போனாலும் சப்பாத்து புதுசு" என்று ஜாபிர் அதன் டயரைத் தட்டிவிட்டுப் போனான். பற்றிக் அந்த வானைப் பார்க்காமல் நடந்தான். அளவுக்கு அதிகமாகவே பார்க்காமல் நடந்தான் என்று யோசெப்பினுக்குப் பட்டது.

உள்ளே முதலாளியோடு சவுந்தரநாயகம் இருந்தார். நாற்பது வயது, மடித்துவிட்ட சேட்டுக் கை, நல்ல சிரிப்பு. ஒப்புதல் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்.

"பற்றிக், வந்திட்டீரே. ஒரு கையெழுத்துத்தான். அத்தான் நல்ல மனுசன், பொலிசுக்குப் போகமாட்டார்."

"பத்து நிமிசம் தாருங்கோ" என்றாள் யோசெப்பின். "ஜாபிர், ஒரு அளவு நாடா."

ஜாபிர் அடுத்த கடைக்கு ஓடினான். தையல்காரி லுத்பியா நாடாவோடு தானும் வாசல்வரை வந்து, "டயருக்குச் சட்டையா தைக்கப்போறீங்க?" என்று கேட்டு, பதில் தெரியாமல் போகமாட்டேன் என்பதுபோல நின்றுகொண்டாள்.

யோசெப்பின் பிக்கப்பின் சில்லிலும் அதன் கீழே நிலத்திலும் சோக்கால் கோடு போட்டாள். ஜாபிரும் பற்றிக்கும் வண்டியைத் தள்ளினார்கள். சில்லின் கோடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நிலத்தைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. இடையில் எழுபத்தொன்பது அங்குலம். பிறகு ஜாபிர் ஸ்பெயார் சில்லை உருட்டி வந்தான். அதே தொடக்கம், அதே ஒரு சுற்று. அது பழைய கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. எண்பத்தேழு.

அவள் இன்னொரு தரம் அளந்தாள். மூன்றாம் தரமும் அளந்தாள்.

"ஐயா, மீட்டருக்கு ரோட்டுத் தெரியாது. சில்லு எத்தனை தரம் சுத்தினது எண்டதுதான் தெரியும். சில்லு சின்னனானா அதே தூரத்துக்குக் கூடச் சுத்தும். இருபது ஓடினா இருவத்திரண்டு எண்டு காட்டும். முப்பதுக்கு முப்பத்திமூண்டு. அஞ்சுக்கு அஞ்சரை. பற்றிக் களவெடுக்கேல்லை. வண்டி பொய் சொல்லுது."

ஸ்ரீஸ்கந்தராசா நிலத்தில் கிடந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குக் கணக்கு வரும். அதனால்தான் அடுத்த கேள்வியை மெல்லக் கேட்டார்.

"அப்ப... லீட்டருக்குப் பதினொண்டு?"

"பத்துத்தான் ஐயா. முந்தியும் பத்து. அதுதான் டீசல் அதே ஆறாம் நாள் முடியுது. உங்கட மிச்சமும் பற்றிக்கின்ர களவும் ஒரே சில்லில பிறந்தது."

முதலாளி ஒரு மல்லி மூட்டையில் உட்கார்ந்தார். மூன்று கிழமையாக வெள்ளவத்தை முழுவதும் அவர் சொல்லித் திரிந்த பதினொன்று அது.

"அத்தான், சின்னச் சில்லு போட்டது பாரம் குறையத்தான்" என்றார் சவுந்தரநாயகம் அமைதியாக. "மீட்டர் மாறும் எண்டு நான் யோசிக்கேல்லை. பிழைதான். சரி, பற்றிக் வேலைக்கு வரட்டும். முடிஞ்சுது."

"பழைய டயர் எங்க?" என்று கேட்டாள் யோசெப்பின்.

"தேய்ஞ்சது. எறிஞ்சிட்டன்."

"தை மாசம் போட்டது" என்றான் பற்றிக். அன்று அவன் அந்த முற்றத்தில் பேசிய முதல் வார்த்தைகள் அவை. நாட்டில் புது டயர் இறக்குமதி நின்றிருந்த நேரம். நல்ல டயர் நாலு வைத்திருப்பவன் வங்கிக்குப் போகத் தேவையில்லை.

முதலாளி மைத்துனரைப் பார்த்தார், பற்றிக்கைப் பார்த்தார். யாரை நம்புவது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பற்றிக் உள்ளே போய் மேசையிலிருந்த புத்தகத்தைக் காட்டினான். "முதலாளி, டயரை விடுங்கோ. ஓரத்தில என்ர பேரைச் சிவப்பால எழுதியிருக்கிறியள். அதை உங்கட கையால வெட்டுங்கோ. நான் அது போதும் எண்டு போறன்."

ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து மேசைக்கு வந்து பேனையை எடுத்தார். ஒன்று. இரண்டு. ஒவ்வொரு வரியையும் கோடு இழுத்து வெட்டிக்கொண்டு போனார். பத்தாவது வரியில் பேனை நின்றது.

யோசெப்பினுக்கு அது எந்த வரி என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை.

சவுந்தரநாயகம் எட்டிப் பார்த்தார். சிரிப்பு திரும்பி வந்தது. "இது ஆறு. இதுவும் சில்லுக் கணக்கோ, மிஸ்?"

"இல்லை" என்றாள் யோசெப்பின். பொய் சொல்ல அவளுக்கு நாக் கூசியது. "இதில ரெண்டுதான் சில்லு. மிச்சம் நாலு எனக்குத் தெரியாது."

"பாத்தீங்களே அத்தான்."

எல்லோரும் பற்றிக்கைப் பார்த்தார்கள். மாக்ரெட் கேட்டும் திறக்காத வாய் அது. அவன் சேட்டுப் பையில் கையை வைத்து, அனுமதிப்பத்திரம் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தொட்டான்.

"அந்த நாலும் நான்தான்" என்றான். "ஒருகொடவத்தைக்குப் போனனான். சவுந்தரையாவின்ர கராஜுக்கு. டயர் எங்கயெண்டு மூண்டு தரம் கேட்டனான் முதலாளி. ஓடுறதை மட்டும் பார் எண்டார். அதுதான் நானே பாக்கப் போனனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்கட வீட்டாளைப் பற்றி நான் எப்பிடிச் சொல்லுறது? அண்டைக்கு உங்கட டீசலில போனதும் உண்மை. ஒண்டை ஒப்புக்கொண்டாப் பதினெட்டையும் என்ர தலையில கட்டுவீங்கள்."

"டயரைக் கண்டனியே?"

"கண்டனான். தை மாசம் பூட்டேக்க அஞ்சு டயரிலயும் உள்பக்கம் சின்னக் குருசு கீறினனான். எங்கட பக்கம் டயர் களவு கூட." அவன் வாசலைக் காட்டினான். "நாலு வெளியில நிக்குது."

ஜாபிர் அதற்குள் ஓடிவிட்டான். வானின் கீழே தலையை விட்டபடி அவன் போட்ட சத்தம் உள்ளே கேட்டது. "முன் சில்லு, ஒண்டு ஈக்கி மிஸ்." கொஞ்சநேரம் கழித்து, "ரெண்டு." பிறகு, "மூணு. நாலு. வான் ஞானஸ்நானம் எடுத்தீக்கி மிஸ்."

வாசலில் நின்ற லுத்பியா தன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு சவுந்தரநாயகத்தை மேலும் கீழும் பார்த்தாள். அவர் தட்டச்சுக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார். பை இருக்கும் இடம் கைக்கு அகப்படவில்லை.

"சவுந்தர்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. குரல் உயரவில்லை. "வான் திறப்பை மேசையில வை. சில்லு நாலும் மாறும்வரைக்கும் அது இங்க நிக்கட்டும். அக்காவுக்கு நான் சொல்லுறன்."

திறப்பு, சாவி வளையத்தோடு, மேசையில் விழுந்தது. சவுந்தரநாயகம் நடந்தே வெளியேறினார்.

முதலாளி மறுபடி பேனையை எடுத்துப் பத்தாவது வரிக்குக் கொண்டுபோனார்.

"அதை வெட்டாதேங்கோ" என்றான் பற்றிக். "ஆறை நாலாக்குங்கோ. அது நான் ஓடினது."

ஸ்ரீஸ்கந்தராசா அப்படியே செய்தார். மிச்சம் எட்டு வரிகளையும் வெட்டி முடித்து, புத்தகத்தை மூடி, பிக்கப்பின் திறப்பை மேசையில் பற்றிக்கின் பக்கமாகத் தள்ளினார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வாய்வரை வந்து, மிளகாய்த்தூள் மாதிரி இருமலாகப் போனது.

யோசெப்பின் கொப்பியைத் திறந்தாள். மூன்றாவது நிரலில் மிஞ்சியிருந்த ஒரே வரியைக் கோடிட்டு வெட்டினாள். பிறகு, பழக்கதோஷத்தில், எழுபத்தொன்பதையும் எண்பத்தேழையும் நாலாம் தரம் வகுத்துப் பார்த்தாள்.

பற்றிக் திறப்பை எடுக்கவில்லை.

"முதல் அந்தக் கண்ணாடி ரெண்டையும் பூட்டுங்கோ முதலாளி" என்றான். "பின்னால ஆர் வாறது எண்டு பாத்துத்தான் இனி ஓடுவன்."